சுதைக்காரர்கள் – 7: பரணில் கிடந்த சுரூபம்

போன வாரம் ஸ்டைன்ஹவுசன் கிராமக் கோயிலின் கணக்கில் நிறுத்தியிருந்தோம். 9,000 கில்டன் என்று போட்ட திட்டம் 40,000ஐயும் தாண்டியது. கட்டச் சொன்ன ஷுசன்ரீட் மடாதிபதி டிடாக்குஸ் ஸ்ட்ரோபெலேயின் பதவி 1733-இல் பறிபோனது. கட்டிய டொமினிகுஸ் சிம்மர்மானோ, விதானத்தில் வானத்தை எழுதிய அண்ணன் யோஹான் பாப்டிஸ்ட்டோ வேலையின்றி உட்காரவில்லை. சன்னல் விளிம்புகளில் சுதையால் அணிலையும் மரங்கொத்தியையும் உட்கார்த்தி வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள்.

இப்படிப்பட்ட ஆளை இன்னொரு மடாதிபதி கூப்பிடுவாரா? அதுவும் அதே நோர்பர்ட் சபையைச் சேர்ந்தவர்?

கூப்பிட்டார். அந்தக் கதை தொடங்கியது ஒரு விடுதிக்காரரின் வீட்டுப் பரணில்.

*

பவேரியாவின் தென்கோடி, ஆல்ப்ஸ் மலையின் அடிவாரம். அங்கே ஸ்டைன்காடன் என்றொரு மடம். ஆறாம் வெல்ஃப் பிரபு 1147-இல் நிறுவியது. 1730-இல் அந்த மடத்துக்குப் பெரிய வெள்ளிப் பவனிக்கு ஒரு சுரூபம் தேவைப்பட்டது: கற்றூணில் கட்டுண்டு சாட்டையடி பட்ட இயேசு. மாக்னுஸ் ஷ்ட்ராவுப் என்ற குருவும் லூக்காஸ் ஷ்வைகர் என்ற சகோதரரும் அதைச் செய்து முடித்தார்கள்.

செய்தார்கள் என்பதைவிட ஒட்டுப் போட்டார்கள் என்பதே சரி. பழைய மரச் சுரூபங்களின் உறுப்புகளைத் தேடி எடுத்துச் சேர்த்தார்கள். மூட்டுகள் பல்லிளித்த இடங்களில் லினன் துணியைச் சுற்றினார்கள். அதன்மேல் வண்ணம் தீட்டி, காயங்களை வரைந்து, ரத்தத்தை ஓடவிட்டார்கள். சங்கிலியும் போட்டாயிற்று.

1732 முதல் 1734 வரை அந்தச் சுரூபம் பவனியில் போனது. பார்த்தவர்களால் தாங்க முடியவில்லை. இத்தனை கோரமாகவா என்று ஊரே முகம் சுளித்தது. மடம் அதை ஒதுக்கி வைத்தது. கடைசியில் மடத்து விடுதியை நடத்திய யெரேமியாஸ் ரேலே அதை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டார்.

அவருக்கு வேண்டப்பட்டவர் மரியா லோரி. வீஸ் என்ற சிற்றூரில் பண்ணை வைத்திருந்த மார்ட்டின் லோரியின் மனைவி. யாருக்கும் வேண்டாத அந்தச் சுரூபத்தை அவர் கேட்டு வாங்கினார். 1738 மே 4 அன்று அது லோரி வீட்டுக்கு வந்தது. அதன் முன்னால் நாள்தோறும் செபம்.

ஜூன் 14, மாலை. செபத்தின்போது மரியா நிமிர்ந்து பார்த்தார். சுரூபத்தின் முகத்தில் ஈரத்துளிகள்.

*

கண்ணீரா, வேறு ஏதாவதா என்று இன்றைக்கு உட்கார்ந்து வழக்காடிப் பயனில்லை. மரியா அதைக் கண்ணீர் என்றார், சனங்கள் நம்பினார்கள். வரலாற்றை நகர்த்தியது அந்த நம்பிக்கைதான். பண்ணை வீட்டு வாசலில் கூட்டம் நெரிந்தது. 1740 வாக்கில் வயல் ஓரத்தில் ஒரு சின்னச் சிற்றாலயம் எழுப்பினார்கள். அதுவும் கொள்ளவில்லை.

மடத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாங்களே செய்து, தாங்களே சகிக்காமல் ஒதுக்கிய ஒட்டுப் பொம்மை இப்போது ஊரூராய் ஆட்களை இழுக்கிறது. மடாதிபதி ஹயசிந்த் காஸ்னர் பெரிய கோயிலாகவே கட்டிவிடுவது என்று முடிவெடுத்தார். யாரை அழைப்பது? டொமினிகுஸ் சிம்மர்மானைத்தான்.

நேரம் மட்டும் மிக மோசம். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போரில் பவேரியா சூறையாடப்பட்டிருந்தது. 1745 ஏப்ரலில், வீஸுக்குப் பக்கத்து நகரமான ஃப்யூசனில்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே ஆண்டு காஸ்னரும் இறந்துபோனார். அடுத்து வந்த மரியானுஸ் மயர் நினைத்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர் நிறுத்தவில்லை. 1746-இல் அடிக்கல் நட்டார். மதிப்பீடு 39,000 கில்டன்.

டொமினிகுஸுக்கு அப்போது அறுபது கடந்திருந்தது. ஸ்டைன்ஹவுசனில் என்ன நடந்தது என்று தெரிந்த வாசகர்கள் அந்த மதிப்பீட்டு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*

வீஸ் கோயிலின் உள்ளே போனால் முதலில் நம் கண்ணே நம்மை ஏமாற்றும். நீள்வட்ட மண்டபம். சுற்றிலும் இரட்டை இரட்டையாக வெள்ளைத் தூண்கள். தலைக்கு மேல் எங்கேயோ உயரத்தில் திறந்த வானம். இந்த ஒல்லித் தூண்கள் இவ்வளவு பெரிய கல் விதானத்தை எப்படித் தாங்குகின்றன?

தாங்கவில்லை, அங்கே கல்லே இல்லை. கூரை உத்தரங்களிலிருந்து மரச்சட்டத்தைத் தொங்கவிட்டு, அதில் மெல்லிய பட்டிகளை அடித்து, சாந்து பூசியிருக்கிறார்கள். உயர்ந்து வளைந்ததுபோல் தெரிவது ஏறக்குறையத் தட்டையான பரப்பு. எடை குறைந்ததால் டொமினிகுஸுக்குத் துணிச்சல் கூடியது. சுவர் வளைவுகளில் நினைத்த இடத்திலெல்லாம் ஓட்டை போட்டார். விளிம்புகளைக் கிழிந்த சங்குபோல் நெளியவிட்டு வெளிச்சத்தை உள்ளே அழைத்தார்.

பலிபீடத்தைச் சூழ்ந்த சிவப்பு, நீலத் தூண்களும் பளிங்கு அல்ல. ஜிப்சத்தில் பசையும் வண்ணப் பொடியும் கலந்து பிசைந்து, சீவி ஒட்டி, நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றிய போலிப் பளிங்கு. அசல் பளிங்கைவிட இது மலிவு என்று நினைத்துவிட வேண்டாம். கூலி அதிகம், விரும்பிய நிறம் கிடைக்கும் என்பதே இதன் கவர்ச்சி. சிவப்பு கிறிஸ்துவின் ரத்தம், நீலம் விண்ணருள் என்று சொல்வார்கள்.

மரச்சட்டம், மேலே ஒரு தோல், அதன்மேல் வண்ணம். பரணில் கிடந்த சுரூபத்தைச் செய்ததும் இதே முறையில்தானே! டொமினிகுஸ் இதை யோசித்துச் செய்தாரோ இல்லையோ, சுரூபத்துக்கு ஏற்ற வீட்டைத்தான் கட்டியிருக்கிறார்.

அந்தச் சுரூபத்தை வைத்த இடம் முதன்மைப் பலிபீடத்தின் கீழ்மாடம். அதற்கு மேலே மியூனிக் அரசவை ஓவியர் பல்தசார் அவுகுஸ்ட் ஆல்பிரெக்ட் தீட்டிய திருக்குடும்பம். அதற்கும் மேலே ஏழு முத்திரையிட்ட புத்தகத்தின் மீது செம்மறி. ஓரங்களில் ஆக்ஸ்பர்க் சிற்பி எகிட் ஃபெர்ஹெல்ஸ்ட்டின் நற்செய்தியாளர்கள். மண்டபத்தில் அகுஸ்தீன், அம்புரோஸ், கிரகோரி, எரோணிமுஸ் ஆகிய நான்கு மறைவல்லுநர்களும் ஆளுயரத்தை மிஞ்சி நிற்கிறார்கள். அவர்களைச் செதுக்கியவர் ஃப்யூசன் சிற்பி அன்டோன் ஷ்டூர்ம். எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது பிரசங்க மேடை: தூய ஆவியின் காற்றில் அதன் ஓரங்களெல்லாம் பறக்கின்றன, அடியில் ஒரு சம்மனசுக் குழந்தை டால்பின் மேல் சவாரி போகிறது. உபதேசம் நீண்டாலும் பிள்ளைகளுக்குப் பொழுது போயிருக்கும்.

விதானம் அண்ணனின் கைவண்ணம். வானவில்லின் மேல் கிறிஸ்து. பீடத்தின் பக்கம் தீர்ப்பு நாளுக்காகக் காத்திருக்கும் ஆசனம். அதில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம், வாசலுக்கு மேலே, சாத்தியிருக்கும் நித்தியத்தின் கதவு. உள்ளே நுழைபவர் ஆசனத்தைப் பார்க்கிறார். வெளியேறுபவர் கதவைப் பார்க்கிறார். தீர்ப்பு இன்னும் தொடங்கவில்லை, மனந்திரும்ப நேரம் இருக்கிறது என்பது ஓவியர் சொல்லும் சேதி.

பிரசங்க மேடைக்கு நேர் எதிரே மடாதிபதிக்குத் தனி மாடம். அங்கே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தபோதெல்லாம் மரியானுஸ் மயருக்கு வேறொரு தீர்ப்பு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கடன்காரர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்லவே!

*

1749-இல் பீடப் பகுதி முடிந்து சுரூபம் குடியேறியது. 1754 செப்டம்பர் 1 அன்று கோயில் முழுவதற்கும் அர்ச்சிப்பு. மொத்தச் செலவு ஏறக்குறைய 1,80,000 கில்டன். குறித்து வைத்த எண்ணை இப்போது எடுத்துப் பாருங்கள்: நாலரை மடங்கு!

ஸ்டைன்ஹவுசனில் இப்படிச் செலவு எகிறியது ஒரு மடாதிபதியைக் கவிழ்த்தது. ஸ்டைன்காடனில் கடன் மடத்தின் தலைமேல் தலைமுறைகள் தாண்டி நின்றது. டொமினிகுஸ் இந்த முறை அடுத்த ஊருக்குப் போகவில்லை. கோயில் அருகிலேயே ஒரு வீடு கட்டிக்கொண்டார். 1757-இல், தாம் மண்டியிட்டு வேண்டுவதாக ஒரு நேர்ச்சைப் படத்தைக் கோயிலுக்குக் கொடுத்தார். 1766-இல் அங்கேயே கண்மூடினார்.

யாத்திரிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள். கடனும் இருந்துகொண்டிருந்தது. அதற்குள் மியூனிக்கில் காற்று திசை மாறிவிட்டது. அமைச்சர் மொண்ட்ஜெலாஸின் அரசுக்கு மடங்கள் பழைய குப்பை, திருயாத்திரைகள் மூடநம்பிக்கை. 1803-இல் ஸ்டைன்காடன் மடம் கலைக்கப்பட்டது. துறவிகள் வெளியேறினார்கள். சொத்து அரசுக்குப் போனது.

வயலுக்கு நடுவில் நிற்கும் ஒரு யாத்திரைக் கோயிலால் அரசுக்கு என்ன லாபம்? பராமரிக்கச் செலவு, இடித்தால் மரமும் கல்லுமாவது மிஞ்சும். வெறும் மிரட்டல் என்று இதை ஒதுக்க முடியாது. சிம்மர்மான் சகோதரர்கள் பிறந்த வெஸ்ஸோப்ருன்னின் மடக்கோயிலையே 1810-இல் இடித்தார்கள்.

வீஸின் பெயரும் இடிக்க வேண்டியவற்றில் சேர்ந்தது. மடாதிபதி இல்லை, துறவிகள் இல்லை, பரிந்து பேச அரசவையில் ஆளும் இல்லை. மிச்சம் இருந்தவர்கள் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் மட்டுமே. அவர்கள் ஒரு மனு எழுதத் துணிந்தார்கள்.

மொண்ட்ஜெலாஸின் அரசு மாட்டுப் பண்ணைக்காரர்களின் மனுவைப் படிக்குமா?

(தொடரும்)