பேடா சாவலா: வன்னி முற்றத்துக் குஞ்சுகளின் கதை

வன்னியில் கோழி வளர்க்கிற வீட்டில் குஞ்சு பொரித்த அன்றைக்கே ஒரு கேள்வி தொடங்கிவிடும்: இதில் எத்தனை பேடு, எத்தனை சாவல்? பேடு என்றால் ஆறேழு மாதத்தில் முட்டை. பிள்ளைக்குக் கொப்பி வாங்கலாம், விளக்குக்கு எண்ணெய் வாங்கலாம். சாவல் என்றால் ஒன்றை முற்றத்துக்கு வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்கவேண்டும், அல்லது கறிக்கு எடுக்கவேண்டும். பேடு என்று நம்பித் தீன் போட்ட குஞ்சு மூன்றாம் மாதம் வேலியில் ஏறிக் கூவினால் வீட்டுப் பெண்ணின் கணக்கு முழுக்கப் பிழைத்துப்போகும். அதனால் இந்த அறிவு எங்கள் பக்கத்தில் பெண்களிடமே இருந்தது. அதை எழுதிவைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. குளங்களின் வரலாறும் கோயில்களின் வரலாறும் எழுதப்பட்ட மண்ணில் கோழிக்கூட்டின் வரலாறு விடுபட்டுப்போனது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

அம்மம்மா முள்ளியவளையில் வளர்த்தது பழைய ஊர்க்கோழி. ஊருக்கு அப்பால் காடு. காட்டுக்கோழி விடியப்புறத்தில் வயலோரம் வந்து மேயும். இலங்கையைத் தவிர வேறு எந்த நாட்டுக் காட்டிலும் இல்லாத பறவை, இன்று நாட்டின் தேசியப் பறவை. அதில் வளர்ந்த சாவலையும் பேட்டையும் பிரிக்கக் கண்ணிருந்தால் போதும். சாவலுக்குச் செம்மஞ்சள் உடம்பு, சிவப்புக் கொண்டையின் நடுவில் மஞ்சள் திட்டு. பேடு சருகு நிறம். வீட்டுக்கோழி பிறந்தது இதிலிருந்து அல்ல. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் வாழும் சிவப்புக் காட்டுக்கோழிதான் அதற்கு மூதாதை. ஆனாலும் அம்மம்மாவின் கோழிகளில் பெரும்பாலானவை அந்த மூதாதையின் நிறத்திலேயே இருந்தன: சாவல் சிவப்பும் கறுப்பும், பேடு மண்ணிறம்.

அந்த நிறத்துக் குஞ்சில் சொல்லுவதற்கு இடமிருந்தது. முதுகுக் கோடு தெளிவாக, கண்ணுக்குப் பின்னால் மை தீட்டினதுபோல் கறுத்த கோடு நீண்டிருந்தால் பேடு. கோடுகள் மங்கிக் கலைந்து, உடம்பு கொஞ்சம் வெளிறியிருந்தால் சாவல். இதில் சந்தேகப்பட்டால் ஐந்தாறு கிழமை பொறுக்கவேண்டும். “நெஞ்சைப் பார் பிள்ளை, கறுப்பு இறகு துளிர்த்தால் சாவல், மண்ணிறமாய் வந்தால் பேடு” என்பா அம்மம்மா. படித்தவர்கள் இதே அடையாளங்களை பிரவுண் லெக்கோண் இனத்தை வைத்து எழுதியிருக்கிறார்கள். அம்மம்மாவுக்கு அந்தப் பெயரே தெரியாது.

பிழையான நம்பிக்கைகளும் கூடவே இருந்தன. கூர்முட்டையில் சாவல், உருண்டை முட்டையில் பேடு என்று அடை வைக்கும்போதே முட்டை பொறுக்குவார்கள். இது வன்னியின் கண்டுபிடிப்பு அல்ல. உரோமாபுரியில் கொலுமெல்லா இதையே எழுதினார். அவருக்கு முன் கிரேக்கத்து அரிஸ்டாட்டில் நேர்மாறாக, நீண்ட கூர்முட்டையில் பேடு என்று எழுதினார். இரண்டும் சரியல்ல. குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து போகும் கரு எந்தப் பால் நிறமூர்த்தத்தை எடுத்துச் செல்கிறது என்பதில் தீர்ந்துவிடுகிறது. ஓடும் வடிவமும் அதற்குப் பிறகு முட்டைக்குழாயில் அமைவது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை. ஊசியை நூலில் கட்டி முட்டைக்கு மேல் ஆட்டிப் பார்ப்பதையும், குஞ்சைத் தலைகீழாய்ப் பிடித்துக் கால் உதறுவதைப் பார்ப்பதையும் இன்றைக்கும் சிலர் விடவில்லை. அவற்றை விட்டுவிடலாம் என்பதே என் முடிவு. நெஞ்சு இறகு பார்த்த அறிவை இவற்றோடு சேர்த்து மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

அம்மம்மாவின் அடையாளங்கள் பொய்த்ததற்குக் காரணம் குடியேற்றம்.

இரணைமடுக் குளம் 1920களின் தொடக்கத்தில் கட்டி முடிந்த பிறகு கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியேறியவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தங்கள் கோழிகளையும் கொண்டுவந்தார்கள். பிறகு முத்தையன்கட்டு, விசுவமடு. 1958, 1977 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள். 1970களில் வெளிநாட்டு மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் தடை வந்த நாட்களில் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்கள். என் அப்பா அப்படித்தான் வடமராட்சியிலிருந்து விசுவமடுவுக்கு வந்தார். மிளகாய்க் கன்றோடு வெள்ளை லெக்கோண் கலந்த கோழிகளும் றோட் ஐலன்ட் றெட் கலந்த கோழிகளும் எங்கள் வளவுக்குள் வந்தன. இந்த வெளிநாட்டு இனங்களை ஊர்க்கோழியோடு சேர்த்து முட்டையைக் கூட்டுவது அன்றைய அரசாங்கப் பண்ணைகளின் வழி.

முட்டை கூடியது உண்மை. அடையாளம் போனதும் உண்மை. லெக்கோணின் வெள்ளை மற்ற நிறங்களை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கறுப்பை, மூடிவிடும் வெள்ளை. அது ஒரு சொட்டுக் கலந்தாலும் குஞ்சு வெளிறி, நெஞ்சில் கறுப்பு வராது. முள்ளியவளையிலிருந்து வந்த அம்மம்மா எங்கள் முற்றத்துக் குஞ்சுகளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கூடைக்குள் விட்டா. அம்மாதான் புது அடையாளம் தேடினா. றோட் ஐலன்ட் கலப்பில் நாலு கிழமைக் குஞ்சுகளின் முதுகைப் பார்ப்பா. பேட்டுக்கு முதுகு மூடி, குட்டி வாலும் வந்திருக்கும். சாவலுக்கு முதுகும் தோளும் வெறுமையாய், செட்டை மட்டும் வளர்ந்திருக்கும். பாரமான இனங்களில் சாவல் குஞ்சுக்கு இறகு பிந்துவது பொதுவான குணம்.

அதற்கு வெகு காலத்துக்கு முன்பே உலகம் இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கண்டிருந்தது. ஒன்று யப்பானில். 1920களில் தோக்கியோவில் மசுயி, ஹஷிமோட்டோ ஆகியோர், பொரித்த அன்றே குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்லப் பிதுக்கி, உள்ளே தெரியும் நுண்ணிய மொட்டை வைத்து ஆண் பெண் பிரிக்கும் முறையை வகுத்தார்கள். 1927இல் ஒட்டாவாவில் நடந்த உலகக் கோழி வளர்ப்பு மாநாட்டில் அதை வெளிநாட்டார் அறிந்தார்கள். தேர்ந்த கை மணிக்கு ஆயிரம் குஞ்சு வரை பிரிக்கும். குஞ்சின் தாய் தகப்பன் யார் என்று தெரியாவிட்டாலும் பெரும்பாலும் பிழைக்காத வழி இது. ஆனால் நீண்ட பயிற்சி வேண்டும். பழகாத கை குஞ்சைக் கொன்றுவிடும். முற்றத்துக்கு ஆகாது.

மற்றது இங்கிலாந்தில். முதலாம் உலகப்போரில் தீன் தட்டுப்பட்டபோது, வேண்டாத சாவல்களைப் பிறந்தவுடன் பிரிக்க நிறத்தையே பயன்படுத்தலாம் என்றார் கேம்பிரிட்ஜின் பன்னெற். கோழியில் சில நிறக் காரணிகளைத் தாய் மகனுக்கு மட்டுமே கொடுக்கும், மகளுக்குக் கொடுக்காது. லைட் சசெக்ஸ் பேட்டோடு றோட் ஐலன்ட் றெட் சாவலைச் சேர்த்தால் வெளிறிய குஞ்சு சாவல், சிவந்த குஞ்சு பேடு. ஒருநாள் குஞ்சின் செட்டையை விரித்து இறகு நீளம் பார்ப்பதும் இதே விதியில் நடப்பதுதான். இணையை மாற்றிவிட்டால் ஒன்றும் தெரியாது. அந்தக் குஞ்சுகளையே வளர்த்து ஒன்றோடொன்று சேர்த்தால் அடுத்த தலைமுறையில் விதி கலைந்துவிடும்.

இதை அம்மா எந்தப் புத்தகமும் பாராமல் தொட்டுவிட்டா. எங்களிடம் வரிவரியாய்ச் சாம்பல் நிறத்தில் ஒரு பேடு இருந்தது. முற்றத்துச் சாவல் சிவப்பு. அந்தப் பேட்டின் குஞ்சுகளில் உச்சந்தலையில் வெள்ளைப் புள்ளியோடு பொரித்து, பிறகு வரி விழுந்தவை எல்லாம் சாவல். வரி இல்லாதவை பேடு. அயலில் எல்லாரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வரிச்சாவல்களில் ஒன்றை ஒரு வீட்டில் இணைக்கு விட்டதும் பேட்டிலும் வரி வந்தது, சாவலிலும் வரி வந்தது. அடையாளம் எந்த இணைக்கு உரியது என்பதே முக்கியம் என்று அம்மா அப்போது எல்லாருக்கும் சொன்னா. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததும் அதுதான்.

1990களில் போரோடு வன்னிக்குப் பொருளாதாரத் தடை. வெளியிலிருந்து தீன் வருவது அரிதானது, மருந்து வருவது அரிதானது. கூட்டில் நின்று தீன் தின்னும் இனங்கள் அற்றுப்போயின. குறுணலையும் கறையானையும் தின்று, இரவில் மரத்தில் ஏறிப் படுத்த கலப்புக் கோழிகள் தப்பின. இருபது வருடத்தில் வன்னி முற்றம் தனக்கென்று ஒரு கோழியை உருவாக்கியிருந்தது. அதற்கான அடையாளங்களும் அயலுக்கு அயல் தெரிந்திருந்தன. 2009இன் தொடக்க மாதங்களில், போரின் கடைசிக் கட்டத்தில், அது முடிந்தது. தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று சனம் நகர்ந்தபோது கூடுகளைத் திறந்துவிட்டு வந்தோம். முகாமிலிருந்து திரும்பி வந்தபோது வளவில் ஒரு கோழியின் குரலும் இல்லை.

மீள்குடியேற்றத்தில் ஒருமாதக் குஞ்சுகளை வாழ்வாதார உதவியாகக் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கு நன்றி உண்டு. ஆனால் ஒரு நிறுவனம் எங்கள் வீதிக்குக் கொடுத்த குஞ்சுகளில் பாதிக்கு மேல் சாவல். கணவனை இழந்து பிள்ளைகளோடு இருந்த பெண்கள் முட்டைக்காகக் காத்திருந்து மாதக்கணக்கில் தீன் போட்டார்கள். அந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் எது என்று கேட்டால் பதில் இல்லை. இணை தெரியாத குஞ்சில் நிறம் எதுவும் சொல்லாது.

அப்படிப்பட்ட குஞ்சுக்கு நான் இன்று பார்ப்பது இவைதான். ஐந்தாறு கிழமையில் ஒரே வயதுக் குஞ்சுகளைப் பக்கத்தில் வைத்து, எதன் கொண்டையும் தாடியும் முந்திச் சிவந்து தடிக்கிறது, எதன் கால் பருத்திருக்கிறது என்று பார்க்கவேண்டும். சண்டைக்கோழி கலந்திருந்தால் கொண்டை சாவலுக்கும் சிறுத்தே இருக்கும். அதில் கொண்டையை நம்பக்கூடாது. மூன்றாம் மாதமளவில் வாலுக்கு முன்னால் முதுகு முடிகிற இடத்தை விரித்துப் பார்த்தால் சாவலுக்கு ஒடுங்கிய கூரிறகு பளபளத்து இறங்கும், பேட்டுக்கு முனை வட்டமாக நிற்கும். இது எந்தக் கலப்பிலும் பெரும்பாலும் பொய்க்காது. மூன்று மாதம் காத்திருக்க முடியாத வீடுகளுக்குத்தான் இணை தெரிந்த குஞ்சு வேண்டும்.

குஞ்சு கொடுக்கிற திணைக்களங்களையும் நிறுவனங்களையும் கேட்கிறேன்: எந்தப் பேட்டினம், எந்தச் சாவலினம் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், அல்லது கொண்டை சிவந்த பிறகு பிரித்துக் கொடுங்கள். வீட்டில் அடை வைக்கிறவர்களே, எந்தப் பேட்டின் முட்டை என்று கரிக்கட்டியால் ஓட்டில் குறித்து வையுங்கள், முற்றத்தில் நின்ற சாவல் எதுவென்று கலண்டரில் எழுதுங்கள், பொரித்த குஞ்சின் நிறத்தையும் பிறகு அது என்னவாக வளர்ந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.