சட்டைக்கையில் ஒரு ஜோடிச் சிறகு

தபால் தலை சேர்ப்பவர்களை நமக்குத் தெரியும். பழைய நாணயங்களைச் சேர்த்து வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்துப் பரவசப்படுகிறவர்களையும் தெரியும். தீப்பெட்டிப் படத்துக்காகத் தெருத் தெருவாய் அலைந்த பருவம் நம்மில் அநேகம் பேருக்கு உண்டு. ஆனால் பழைய மாலுமிகளின் சட்டைக் கையிலிருந்து பிரித்தெடுத்த துணித் துண்டுகளைத் தேடித் தேடிச் சேர்க்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? சிரிக்க வேண்டாம். அந்தத் துண்டுகளில் ஒரு குறிப்பிட்ட ரகம் இருக்கிறது. உள்ளங்கையை மூடும் அளவுதான். அதற்குள் ஒரு பெரிய கடற்படையின் முப்பது வருஷத்துச் சங்கடம் முழுவதும் தைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

நம் ஊர் ஏட்டையாவின் சட்டைக் கையைப் பார்த்திருப்பீர்கள். கீழ்நோக்கிக் கோணமாக மடிந்த மூன்று பட்டைகள். அமெரிக்கக் கடற்படையின் முதல் வகுப்பு மாலுமிக்கும் அதே மூன்று பட்டைகள்தாம். அவற்றுக்கு மேல் சிறகை விரித்து நிற்கும் ஒரு கழுகு. அது அந்த நாட்டின் ராஜசின்னம். ஆனால் மாலுமிகளின் பேச்சில் அதற்குப் பெயர் காக்கை! சின்னத்தைச் சட்டையில் சுமக்கிறவனுக்குத்தான் அதைக் கேலி செய்யும் உரிமை உண்டு போலும். தலைமை மாலுமியாக உயர்ந்தால் பட்டைகளுக்கு மேலே ஒரு வளைவு சேரும். காக்கை அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பட்டைக்கும் காக்கைக்கும் நடுவே ஒரு சிறு குறி இருக்கும். ஆசாமியின் தொழில் என்ன என்பதைச் சொல்வது அதுதான். கப்பலின் திசை பார்க்கிறவனுக்குச் சுக்கான் சக்கரம். கயிறும் பாயும் நங்கூரமுமாக உழைக்கிற மேஸ்திரிக்குக் குறுக்காகப் போட்ட இரண்டு நங்கூரங்கள். இப்படி ஒவ்வொரு தொழிலுக்கும் ஒன்று.

சேகரிப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசும் அந்த ஒரு ரகத்தில், அந்த இடத்தில் ஒரு ஜோடிச் சிறகு இருக்கிறது. நடுவில் கேடயமும் நங்கூரமும். அதாவது, கடற்படை விமானி மார்பில் தங்க நிறத்தில் குத்திக்கொள்ளும் அதே சின்னம், சிறிய உருவத்தில்.

இதில் அதிசயம் என்ன என்று கேட்கலாம். சிறகு உத்தியோகஸ்தரின் சின்னம்; பட்டை உழைப்பாளியின் சின்னம். கடற்படையில் இந்த இரண்டு ஜாதிக்கும் சாப்பாட்டு அறை வேறு, படுக்கை வேறு, சம்பளம் வேறு. அந்த இரண்டையும் ஒரே சட்டைக்கையில் தைத்தது, கலெக்டர் துரையின் தொப்பியையும் டவாலிச் சேவகனின் வில்லையும் ஒரே ஆளுக்குப் போட்டுவிட்ட மாதிரி. ஆகாயத்தில் அவன் விமானத்துக்கு எஜமான். இறங்கி வந்தால், நேற்றுச் சேர்ந்த இளம் உத்தியோகஸ்தனுக்கும் சலாம் வைக்க வேண்டியவன்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது? ப்ளோரிடா மாகாணத்தில் பென்ஸகோலா என்ற இடத்தில் கடற்படையின் விமானப் பள்ளி இருக்கிறது. 1916-ம் வருஷத் தொடக்கத்தில் அங்கே சாதாரண மாலுமிகள் சிலருக்கும் விமானம் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது, ஆள் வேண்டியிருந்தது, மாலுமிகள் பறந்தார்கள். யுத்தம் முடிந்ததும் அவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற கேள்வி வந்தது. 1920-ல் 'கடற்படை ஆகாய ஓட்டி' என்பது போன்ற ஒரு தனிப் பட்டத்தை உண்டாக்கினார்கள். உத்தியோகஸ்தருக்குரிய பட்டம் இதுவல்ல. வார்த்தையிலேயே ஒரு மயிரிழை வித்தியாசம். 1924-ல் அதைத் தனித் தொழிலாகவே வகுத்தார்கள். சட்டைக்கைச் சிறகு அந்த ஏற்பாட்டில் வந்ததுதான்.

1926-ல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்தது. 1928 ஜூலை முதல் கடற்படை விமானிகளில் நூற்றுக்கு முப்பது பேராவது மாலுமிகளாக இருக்க வேண்டும் என்று விதித்தது. அந்த எண்ணிக்கையைக் கடற்படை எட்டவே இல்லை. பின்னால் விகிதத்தையே குறைத்தார்கள். சட்டம் போடுவது சுலபம். சாப்பாட்டு மேஜையில் ஒரு நாற்காலியை நகர்த்துவதுதான் கஷ்டம்.

ஆனால் திறமையைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இருந்ததாகத் தெரியவில்லை. 1927 ஜனவரியில் 'இரண்டாவது போர்விமான அணி' என்ற படைப்பிரிவில் ஒரு பரீட்சை செய்தார்கள். தலைமைக்குச் சில உத்தியோகஸ்தர்கள். மற்ற விமானிகளெல்லாம் மாலுமிகள். 'பறக்கும் தலைவர்கள்' என்று பெயர் வாங்கிய அந்த அணி, 'லெக்ஸிங்டன்' என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்தது. குறிபார்த்துச் சுடுவதில் பெயர் பெற்றது. தங்கள் விமானத்தின் உடம்பில் அவர்கள் எழுதிக்கொண்ட சின்னம் என்ன தெரியுமா? மற்ற அணிகள் புலியையும் பூனையையும் வரைந்தபோது, இவர்கள் தங்கள் சட்டைக்கையில் இருந்த காக்கையையும் பட்டைகளையும் வரைந்துகொண்டார்கள். எது தங்களைக் கீழே நிறுத்தியதோ அதையே கொடியாக்கி ஆகாயத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்தக் கூட்டத்தில் உலகம் அறிந்த பெயர் ப்ளாய்ட் பென்னெட். நியூயார்க் மாகாணத்துக்காரர்; மோட்டார் மெக்கானிக்; 1917-ல் கடற்படையில் சேர்ந்து விமானியானவர். ரிச்சர்ட் பேர்ட் என்ற உத்தியோகஸ்தர் வட துருவத்துக்குப் பறக்க ஆசைப்பட்டபோது இவரைத்தான் துணைக்கு வைத்துக்கொண்டார். 1926 மே 9-ந் தேதி ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து மூன்று என்ஜின் கொண்ட போக்கர் விமானத்தில் இருவரும் கிளம்பினார்கள். பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்து திரும்பி, துருவத்தைத் தொட்டுவிட்டதாகச் சொன்னார்கள். தொட்டார்களா, இல்லையா என்ற வழக்கு இன்றுவரை தீரவில்லை. 1996-ல் வெளிப்பட்ட பேர்டின் நாட்குறிப்பில் அழித்து எழுதிய கணக்குகள் சந்தேகத்தை இன்னும் வளர்த்தன. அந்தக் கணக்கெல்லாம் பேர்ட் போட்டது. விமானத்தை ஓட்டியவர் பென்னெட். பனிப்பாலைக்கு மேலே, உறைந்து போகும் குளிரில், வலப்புறத்து என்ஜினிலிருந்து எண்ணெய் கசிவதைப் பார்த்துக்கொண்டே அதை ஓட்டித் திருப்பிக்கொண்டு வந்தார் என்பதில் எந்த வழக்கும் இல்லை. நாட்டின் மிக உயர்ந்த வீர விருது இருவருக்கும் கிடைத்தது.

1928 ஏப்ரலில், கனடாவின் கிழக்கே ஒரு தீவில் இறங்கி அகப்பட்டுக்கொண்ட 'ப்ரெமென்' என்ற ஜெர்மன் விமானத்தின் ஆட்களுக்கு உதவப் பென்னெட் புறப்பட்டார். முன்பே உடம்பு சரியில்லை. வழியில் நிமோனியா கண்டு கியூபெக்கில் இறந்தார். வயது முப்பத்தேழு. அடுத்த ஆண்டு பேர்ட் தென் துருவத்துக்குப் பறந்தார். விமானத்தின் பெயர் 'ப்ளாய்ட் பென்னெட்'. பென்னெட்டின் சமாதியிலிருந்து எடுத்துப்போன ஒரு கல்லைக் கொடியில் சுற்றித் துருவத்தில் போட்டார். பேர்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். அந்தக் கல்லுக்காக அவரை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே சேகரிப்பவர்களைத் திணற வைக்கும் ஒரு சிக்கல் இருக்கிறது. சிறகு தைத்த பட்டை எப்போதும் வழக்கத்தில் இருக்கவில்லை. 1930-களில் அந்தத் தொழில் வகுப்பை எடுத்துவிட்டார்கள். விமானம் ஓட்டத் தெரிந்தவனும் சட்டைக்கையில் மெக்கானிக்கின் குறியோடோ, வானொலிக்காரனின் குறியோடோதான் இருக்க வேண்டும். மார்பில் சிறகு, கையில் ஸ்பானர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1942-ல் யுத்த அவசரத்தில் வகுப்பு திரும்பி வந்தது. ஆகவே சட்டைக்கையை மட்டும் நம்பி விமானிகளைத் தேடுகிறவன் இடைப்பட்ட வருஷங்களில் ஒருவரையும் காணமாட்டான்.

அப்படிச் சட்டைக்கை சொல்லாமல் விட்டவர்களில் ஒருவர் டொனால்ட் மேசன். முதல் வகுப்பு விமான மெக்கானிக். 1942 ஜனவரி 28-ந் தேதி நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் ஒரு நீர்மூழ்கியைக் கண்டு குண்டு போட்டார். 'கண்டேன், கவிழ்த்தேன்' என்ற கருத்தில் நாலே வார்த்தையில் செய்தி வந்ததாக அமெரிக்கா முழுவதும் பத்திரிகைகள் கொண்டாடின. அசோகவனத்திலிருந்து திரும்பிய அனுமன் முதல் வார்த்தையிலேயே விஷயத்தைச் சொன்ன மாதிரிதான். அந்த வாசகமே கரையிலிருந்த விளம்பரக்காரர்களின் கைவேலை என்று சொல்பவர்களும் உண்டு. அது போகட்டும். யுத்தம் முடிந்து ஜெர்மன் தஸ்தாவேஜுகளைப் பார்த்தபோது, அன்று ஒரு நீர்மூழ்கியும் முழுகவில்லை என்று தெரிந்தது! ஆனால் அதே மேசன், அதே வருஷம் மார்ச் 15-ந் தேதி, ஆரவாரமில்லாமல் 'யூ-503' என்ற நீர்மூழ்கியை நிஜமாகவே அழித்தார். புகழ் வந்த காரியம் நடக்கவில்லை. நடந்த காரியத்துக்கு அந்தப் புகழ் வரவில்லை. கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் செயற்கை என்பார்கள்.

ஜூன் 4-ந் தேதி மிட்வே யுத்தத்தில் கணக்கு நேராயிற்று. 'ஹார்னெட்' கப்பலின் எட்டாவது டார்பிடோ அணி பதினைந்து விமானங்களோடு ஜப்பானியக் கப்பல்களை நோக்கித் தாழ்ந்து பறந்தது. பதினைந்தும் விழுந்தன, முப்பது பேரில் தப்பியவர் ஒருவர். மாண்ட விமானிகளில் ராபர்ட் மைல்ஸ் முதல் வகுப்பு ஆகாய ஓட்டி, சட்டைக்கைச் சிறகுக்காரர். மற்றவர்கள் உத்தியோகஸ்தர்கள். 'யார்க்டவுன்' கப்பலின் மூன்றாவது அணியில் பன்னிரண்டு விமானங்கள் போயின. சேதத்தோடு தப்பி வந்தவை இரண்டே. ஒன்றை ஓட்டியவர் தலைமை ஆகாய ஓட்டி வில்ஹெல்ம் எஸ்டர்ஸ். கப்பலுக்கு அருகே கடலில் இறக்கினார். பின்னாசனத்தில் இருந்த வானொலிக்காரர் காயங்களால் ரப்பர்ப் படகிலேயே உயிர் விட்டார். அன்று டார்பிடோ விமானங்களைச் சுட்ட ஜப்பானியப் பீரங்கிகள் பட்டையா, தங்கக்கோடா என்று பார்த்துச் சுடவில்லை.

இந்தத் துணித் துண்டுகள் ஏன் இத்தனை அபூர்வம் என்பதற்கு வருவோம். 1916 முதல் கடைசி வரை, மாலுமியாக இருந்து பறந்தவர்கள் ஏறக்குறைய 5000 பேர் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர் யுத்த காலத்தில் உத்தியோகஸ்தர்களாக உயர்த்தப்பட்டார்கள். உயர்ந்தவன் முதலில் செய்யும் காரியம், பழைய பட்டையைப் பிரித்துவிட்டுத் தங்கக்கோடு தைப்பதுதானே? தகுதி நிரூபணமான அன்றே சின்னம் குப்பைக்குப் போயிற்று. மனைவியின் தையல் பெட்டியில் கிடந்தது மிஞ்சியது. பூச்சி அரித்தது போக மிஞ்சியது அதிலும் கொஞ்சம். மாலுமி இறந்த பிறகு வீட்டுச் சாமான்களை ஏலம் போடும்போது, பொத்தான் டப்பாவின் அடியிலிருந்து அது எட்டிப் பார்க்கிறது.

அபூர்வம் என்றால் போலியும் உண்டு. தெரிந்தவர்கள் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்கள். தைத்துப் பிரித்த ஊசித் துளைகள் விளிம்பில் வரிசையாக இருக்கின்றனவா? வெயில் படாத பின்புறம் முன்புறத்தைவிடக் கறுப்பாக இருக்கிறதா? சிறகு துணியோடு துணியாகத் தைக்கப்பட்டதா, வேறெதிலிருந்தோ வெட்டி ஒட்டியதா? ஊதாக்கதிர் விளக்கில் நூல் பளிச்சென்று மின்னினால் அது பிற்காலத்துச் செயற்கை நூல் என்று சந்தேகிக்கிறார்கள். குளிர்காலத்துக் கருநீலக் கம்பளியில் சிவப்புப் பட்டை. கோடைக்கால வெள்ளைத் துணியில் நீலப் பட்டை. பல வருஷம் குற்றமில்லாமல் ஊழியம் செய்தவனுக்குச் சிவப்புக்குப் பதில் தங்கப் பட்டை. சிறகோடு தங்கப் பட்டையும் சேர்ந்து கிடைத்தால் அந்த வீட்டில் அன்று தீபாவளிதான்.

யுத்தம் முடிந்தது. உத்தியோகஸ்த விமானிகளே தேவைக்கு மேல் இருந்தார்கள். மாலுமிகளுக்குப் பயிற்சி நின்றது. 1948-ல் அந்தத் தொழில் வகுப்பே இரண்டாம் முறையாக, இறுதியாக, எடுக்கப்பட்டது. பறந்துகொண்டிருந்தவர்கள் வேறு குறிகளைத் தைத்துக்கொண்டு தொடர்ந்து பறந்தார்கள். கடற்சேனைப் பிரிவில் கடைசியாக எஞ்சிய நாலு பேர் 1973-ல் ஓய்வு பெற்றார்கள். கடற்படையின் கடைசி மனிதர் ராபர்ட் ஜோன்ஸ் 1981 ஜனவரி 31-ந் தேதி ஓய்வு பெற்றார். ஆகாயப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவில் தலைமை மாலுமி அவர். மார்பில் தங்கச் சிறகு இருந்தது. சட்டைக்கையில் இருந்தது போக்குவரத்துக்காரரின் குறி.