ஜூன் 16ஆ, ஜூன் 18ஆ? சுங்கை சிப்புட்டில் ஒரு வரலாற்றுப் பாடம்

மலாயாவில் அவசரகாலம் எப்போது பிரகடனமானது என்று படிவம் ஐந்து மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் 1948 ஜூன் 16 என்பார்கள், சிலர் ஜூன் 18 என்பார்கள். கைப்பேசியில் தேடினாலும் இரண்டும் வரும். "டீச்சர், எது சரி?"ன்னு உடனே கேட்பாங்க. பதிலைச் சொல்லிவிடாதீர்கள், தேட விடுங்கள்.

ஜூன் 16 காலை, சுங்கை சிப்புட் வட்டாரத்து எல்பில் தோட்டத்தில் ஆர்தர் வாக்கர் என்ற துரை சுடப்பட்டார். சிறிது நேரத்தில் வேறொரு தோட்டத்தில் ஜான் எலிசன், இயன் கிறிஸ்டியன் இருவரும் கொல்லப்பட்டனர். அன்றே பேராக், ஜொகூரின் சில பகுதிகளில் அவசரகாலம் வந்தது. நாடு முழுவதற்கும் ஜூன் 18. ஆக, 'எப்போது' என்பதற்கு முன் 'எங்கே' என்று கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, யார் சொன்னது? ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸின் அந்த வாரத்து இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஆனால் அது அவசரத்தில், ஆங்கிலம் படித்தவர்களுக்காக எழுதப்பட்ட செய்தி. கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் சின் பெங், 2003இல் வெளிவந்த தம் நினைவு நூலில், இக்கொலைகளுக்குத் தலைமை உத்தரவிடவில்லை என்கிறார். அவரும் இதில் ஒரு தரப்பு. எழுதியதோ 55 ஆண்டுகள் கழித்து. 'தலைமை உத்தரவிடவில்லை' என்று எழுதுவதும் 'உத்தரவிடவில்லை என்று சின் பெங் கூறுகிறார்' என்று எழுதுவதும் ஒன்றல்ல. மாணவர்களே, தேர்வுக் கட்டுரையில் இரண்டாவது மாதிரி எழுதிப் பழகுங்க.

சரி, அந்தத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய நம்மவர்கள் எங்கே? அவர்கள் குரல் இந்த இரண்டிலும் தேடினாலும் அதிகம் கிடைக்காது. அன்று லயத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். பல தோட்டங்களில் லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. இந்தப் பள்ளி விடுமுறையிலேயே போய்ப் பதிவு செய்யச் சொல்லுங்கள், தள்ளிப்போட நேரமில்லை.

தாத்தா பாட்டி சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 'நான் பார்த்தேன்' தனியாக, 'அப்பா சொன்னாரு' தனியாகக் குறிக்க வேண்டும். ஜப்பான்காரன் காலமும் அவசரகாலமும் சில நேரம் கலந்துவிடும். ஆண்டு கேட்டால் குழம்புவார்கள். "தோட்டத்தைச் சுத்தி முள்வேலி போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா பாட்டி?"ன்னு கேட்டுப் பாருங்க, டக்குனு சொல்லிடுவாங்க.