வழக்கு மன்றத்தின் வாயிற்கட்டணம்



நீதிமன்றத்தின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்கிறோம். ஆனால் உள்ளே நுழையக் கட்டணம் உண்டு. அதைச் செலுத்த இயலாதவன் சிறைக் கைதியாகவும் இருந்தால் அவன் குறையை யார் கேட்பது? அமெரிக்க நாடு இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றை இன்று கூற விரும்புகிறேன்.

வினா பழையது. இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி மன்னர் காலத்திலேயே, 1495இல், ஏழைகள் கட்டணமின்றி வழக்காட ஒரு சட்டம் வழி செய்தது. அமெரிக்கக் காங்கிரஸ் 1892இல் அவ்வழியைப் பின்பற்றியது. தம்மிடம் பொருளில்லை என்று சத்தியம் செய்யும் குடிமகன் கூட்டாட்சி நீதிமன்றத்தில் கட்டணமின்றி வழக்குத் தொடரலாயிற்று.

மாநிலங்களில் நிலைமை வேறு. அயோவா மாநிலத்தில் ஆட்கொணர்வு மனுக் கொடுக்க முயன்ற ஏழைக் கைதிகள் 4 டாலர் கட்ட இயலாமையால், அவர்களுடைய மனுக்கள் பதிவு செய்யப்படவேயில்லை. அது முறையன்று என உச்சநீதிமன்றம் 1961இல் தீர்ப்பளித்தது. சிறை அதிகாரிகள்மீது உரிமை வழக்குத் தொடரவும் கைதிகளுக்கு 1964இல் வழி திறந்தது.

பின்னர் வழக்குகள் பெருகின. அவற்றுள் வீண் வழக்குகளும் பல. எனவே 1996இல் காங்கிரஸ் புதுச் சட்டம் இயற்றியது. அதன்படி ஏழைக் கைதியும் முழுக் கட்டணத்தைத் தவணைகளில் செலுத்தவேண்டும். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம், முந்திய மாத வருவாயில் நூற்றுக்கு 20 பங்கு பிடிக்கப்படும். மாதம் 20 டாலர் பெறுபவன், 350 டாலர் கட்டணத்தை அடைத்து முடிக்க ஏழாண்டுகளுக்கு மேலாகும்! வழக்குத் தள்ளுபடியானாலும் கடன் நீங்காது. ஒன்றும் இல்லாதவனை அக்காரணத்தால் திருப்பி அனுப்பலாகாது என்றும் அச்சட்டமே கூறுகிறது என்பதை மறைத்தல் நேர்மையன்று.

வீண் வழக்குக்குச் சான்றாக அக்காலத்தில் பலரும் எள்ளி நகைத்தது, நிலக்கடலை வெண்ணெய்க்காக ஒரு கைதி தொடுத்த வழக்கு. ஜான் நியூமன் என்னும் நீதிபதி அவ்வழக்கின் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். வாங்கிய பண்டத்தைத் திருப்பிக் கொடுத்த பின்னும் அதன் விலை தம் கணக்கிலிருந்து பிடிக்கப்பட்டது என்பதே அக்கைதியின் முறையீடு. தொகை சிறிது, ஆயினும் அது அவருடைய பொருளன்றோ?

இவ்விடத்தில் என் பிழையொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, மாணவர் விடுதியில் அற்பப் புகார்கள் மிகுந்தன. புகார் கொடுப்பவர் ஒரு ரூபாய் கட்டவேண்டும். உண்மையானால் திருப்பித் தரப்படும் என்று விதித்தேன். புகார்கள் குறைந்தன. நானும் பெருமைப்பட்டேன். ஆண்டிறுதியில்தான் ஒரு சிறுவனின் போர்வையை யாரோ எடுத்துக்கொண்டதும், மார்கழி முழுவதும் அவன் வெறுந்தரையில் குளிரில் படுத்திருந்ததும் தெரியவந்தன. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “ஒரு ரூபாய் இல்லை, ஐயா” என்றான். அன்றே அவ்விதியை நீக்கினேன்.

பொய் வழக்கைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பணம் மெய்யையும் பொய்யையும் பிரித்தறியாது. உள்ளவனையும் இல்லாதவனையும் மட்டுமே அது பிரிக்கும். நாளை நீங்கள் விதி வகுக்கும் இடத்தில் அமரும்போது, குறைந்துபோன மனுக்களை எண்ணி மகிழுமுன், வராதவர் யார் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.