காணாமற்போன 64 மெகாபைட்டு

2006 ஆம் ஆண்டில், பம்பலப்பிட்டியிலுள்ள ஒரு கடையில் எனது முதலாவது மடிக்கணனியை வாங்கினேன். பற்றுச்சீட்டில் 512 மெகாபைட்டு நினைவகம் என்று எழுதப்பட்டிருந்தது. வீட்டிற்கு வந்து இயக்கிப் பார்த்தால் கணனியோ 448 என்று காட்டியது. மறுநாள் காலையே கடைக்குச் சென்று, ஏனைய வாடிக்கையாளர்கள் பார்த்திருக்க, "தம்பி, மிகுதி 64 எங்கே?" என்று உரத்த குரலில் கேட்டேன். "ஐயா, ஒண்டும் குறையேல்லை. கிராபிக்ஸ் அதிலை இருந்துதான் எடுக்குது" என்றார் அந்த இளைஞர். நான் நம்பவில்லை. சமாளிக்கிறார் என்றே எண்ணினேன்; எண்ணியதை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டும் வந்தேன்.

அவர் சொன்னது முழு உண்மை என்பதை விளங்கிக்கொள்ள எனக்குச் சில மாதங்கள் பிடித்தன. அதற்காக வாசிக்கப் புகுந்தபோதுதான், அந்த 64 மெகாபைட்டின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருப்பது தெரியவந்தது.

திரையில் நாம் காணும் படம் முதலில் எண்களாக நினைவகத்தில் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். ஒவ்வொரு படப்புள்ளிக்கும் அங்கே ஓர் இடம் உண்டு. கணனி அவ்விடத்தைச் செக்கனுக்குச் சுமார் 60 தடவைகள் வாசித்துத் திரைக்கு அனுப்புகிறது. அந்த இடத்தை யார் கொடுப்பது என்பதே இந்த வரலாறு முழுவதும் தொடர்ந்து வருகின்ற வழக்கு.

1973 இல், கலிபோர்னியாவிலுள்ள செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வுமையத்தில் சார்ள்ஸ் தக்கர் என்பவர் வடிவமைத்த ஆல்ட்டோ என்னும் கணனி இயங்கத் தொடங்கியது. அதன் திரையில் 606 க்கு 808 என்ற அளவில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. புள்ளிக்கு ஒரு பிட்டு என்று கணக்கிட்டாலும் முழுத் திரைக்கு ஏறத்தாழ 60 கிலோபைட்டு வேண்டும். ஆல்ட்டோவின் மொத்த நினைவகமோ 128 கிலோபைட்டு. அதாவது, ஏறத்தாழ அரைவாசியைப் படமே விழுங்கியது. 1984 இல் வெளிவந்த முதலாவது மெக்கின்டோஷும் இதே வழியிற் சென்றது. அதன் 128 கிலோபைட்டில் 21 கிலோபைட்டுக்குச் சற்று அதிகமான பங்கு திரைக்குரியது. எனது மடிக்கணனி செய்ததும் இதைத்தான். நான் மோசடி என்று நினைத்த ஏற்பாடு, உண்மையில் மேசைக்கணனியின் ஆதி ஏற்பாடுகளுள் ஒன்று.

மற்றொரு வழியை ஐ.பி.எம். நிறுவனம் காட்டியது. 1981 இல் வந்த அதன் தனியாள் கணனியில், திரைக்கான சுற்று தனி அட்டையில் அமைந்தது. வர்ண அட்டையில் 16 கிலோபைட்டு சொந்த நினைவகம் இருந்தது. 1987 இன் வி.ஜி.ஏ. தரத்தில் அது 256 கிலோபைட்டாயிற்று. தொண்ணூறுகளில் முப்பரிமாண விளையாட்டுகள் பரவியபோது அட்டைகளின் நினைவகமும் மெகாபைட்டுகளில் வளர்ந்தது. "கிராபிக்ஸ் மெமரி எவ்வளவு?" என்று கடையிற் கேட்கும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. அந்த அளவு தனிச் சொத்து என்பதை எவரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

தனிச் சொத்துக்கு விலையுண்டு. மேலதிகச் சில்லுகள் இடம் பிடிக்கும், சூடேறும், மின்சாரம் குடிக்கும். மேசைக்கணனிக்கு இது பெரிதல்ல. மின்கலத்தில் இயங்கும் மெல்லிய மடிக்கணனிக்குப் பெரிது. 1999 இல் இன்டெல் நிறுவனம் 810 என்ற சில்லுத்தொகுதியில் வரைகலைப் பகுதியையும் சேர்த்து, அதற்கு வேண்டிய நினைவகத்தைப் பொது நினைவகத்திலிருந்தே எடுக்க வைத்தது. பின்னர் வந்த மலிவான மடிக்கணனிகள் பெரும்பாலும் அந்த வழியையே பின்பற்றின. ஆல்ட்டோவின் பழைய ஏற்பாடு மறுபடியும் வாசலுக்கு வந்தது.

ஒரு சந்தேகம் எழலாம். எனது திரை 1024 க்கு 768 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு நான்கு பைட்டு என்றால் 3 மெகாபைட்டுதான் வரும். 64 எதற்கு? திரையிலுள்ள படத்தைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தை வரைய இன்னுமோர் இடம் வேண்டும். முப்பரிமாணக் காட்சியில் எது முன்னால், எது பின்னால் என்று குறித்துவைக்க வேறோர் இடம் வேண்டும். சுவர், புல், முகம் போன்றவற்றின் மேற்பரப்புப் படங்களை வைத்திருக்க அதனினும் பெரிய இடம் வேண்டும்.

ஆனால் இடத்தைவிட முக்கியமானது பாதை. எனது சிறிய திரையைப் புதுப்பிப்பதற்கே செக்கனுக்கு 180 மெகாபைட்டு ஓட வேண்டும். பகிர்ந்த நினைவகத்தில், செயலியும் வரைகலைப் பகுதியும் ஒரே ஒழுங்கையால் நெருக்குப்பட்டுப் போகின்றன. தனி அட்டைக்கோ சொந்த வீதி உண்டு. பகிர்ந்த நினைவகத்தின் உண்மையான குறை அளவு அன்று, இந்த நெரிசலே. ஒழுங்கையை அகலமாக்கினால் குறையும் நீங்கும். 2020 நவம்பரில் அப்பிள் நிறுவனம் எம்1 சில்லுடன் மடிக்கணனிகளை வெளியிட்டபோது, நினைவகத்தைப் பகிர்வதையே பெருமையாகச் சொன்னது. 2021 இல் வந்த எம்1 மெக்ஸில் செக்கனுக்கு 400 கிகாபைட்டு ஓடக்கூடிய பாதை இருந்தது. ஒரு காலத்தில் மலிவின் அடையாளமாக இருந்தது, விலையுயர்ந்த பொருளின் சிறப்பாயிற்று.

இன்று மடிக்கணனி வாங்கச் செல்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை கிகாபைட்டு என்று மட்டும் கேளாதீர்கள். அது தனியானதா, பகிர்ந்ததா என்றும் கேளுங்கள். 16 கிகாபைட்டு உள்ள விண்டோஸ் மடிக்கணனி, பகிர்ந்த வரைகலை நினைவகம் ஏறத்தாழ 8 என்று காட்டலாம். அது மேலதிகமாகக் கிடைத்த 8 அன்று. உங்கள் 16 இலிருந்து எடுக்கக்கூடிய உச்ச எல்லை. பகிர்ந்ததென்றால், இரண்டு நினைவகத் தட்டுகள் பூட்டி இரு பாதைகளையும் திறந்து வைத்திருக்கிறார்களா என்றும் விசாரியுங்கள். கடிதமும் கட்டுரையும் எழுதுபவருக்குப் பகிர்ந்ததே தாராளம். முப்பரிமாண வேலை செய்பவருக்குத் தனியானதோ, அகலப் பாதை கொண்டதோ வேண்டும்.

விடயம் விளங்கிய பின்னர் ஒருநாள் அந்தக் கடைக்குப் போனேன். அந்தத் தம்பி கட்டாருக்குப் போய்விட்டார் என்றார்கள். இரு தரப்பையும் கேட்காமல் ஒரு வரியும் எழுதாதே என்று இளம் நிருபர்களுக்குப் படிப்பித்தவன் நான். அன்று மறுதரப்பு என் முன்னாலேயே நின்று, ஒரே வசனத்திற் சரியான விடையைச் சொல்லியது. நான்தான் கேட்கவில்லை.