வாக்கு வேறு, ஆசனம் வேறு: 1977 தேர்தலின் கணக்கு



1977 ஜூலை 21 இரவு எங்கள் வீட்டில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. அப்பா வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் கொப்பியை விரித்து வைத்து, தேர்தல் முடிவுகளைத் தொகுதி தொகுதியாக எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. விடியப்புறம் அவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "முழுச் சிங்கள நாடும் ஒரு பக்கம் சாய்ஞ்சிட்டுது."

பின்னாளில் கணக்காளனாகிய பிறகு, அந்த எண்களை ஐந்தொகை பார்ப்பதுபோல் எடுத்துப் பார்த்தேன். அப்பா எழுதிய எண்கள் சரி. அவற்றை வாசித்த விதம்தான் பிழை.

ஐக்கிய தேசியக் கட்சிக்கு 168 ஆசனங்களில் 140 கிடைத்தன. அதாவது ஆறில் ஐந்து பங்கு. ஆனால் அது பெற்ற வாக்கு ஏறத்தாழ 51 வீதம். சிறீலங்கா சுதந்திரக் கட்சிக்கு 18 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாக்களித்தார்கள். கிட்டத்தட்ட 30 வீதம். கிடைத்ததோ 8 ஆசனங்கள். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 7 வீதத்துக்கும் குறைவான வாக்கு, 18 ஆசனங்கள். அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார்.

இதில் மாயம் எதுவும் இல்லை. பிரித்தானியரிடமிருந்து வந்த தொகுதி முறையில், தொகுதிக்குள் முதலாவதாக வருபவருக்கே ஆசனம். கூட்டணியின் வாக்கு வடக்கிலும் கிழக்கின் சில பகுதிகளிலும் குவிந்திருந்தது. சுதந்திரக் கட்சியின் வாக்கு நாடெங்கும் பரவி, தொகுதிக்குத் தொகுதி இரண்டாவதாக வந்தது.

1970 இலும் இதே கதைதான். சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி 151 இல் 116 ஆசனங்களை வென்றது. அதன் மூன்று கட்சிகளின் வாக்கையும் கூட்டினாலும் பாதியை எட்டவில்லை. தோற்ற ஐ.தே.க. தனிக்கட்சியாக எல்லோரையும்விடக் கூடிய வாக்குப் பெற்றும் 17 ஆசனங்களோடு நின்றது.

இந்த வீங்கிய பெரும்பான்மைகள்தான் எங்கள் வாழ்க்கையை எழுதின. முதலாவது 1972 யாப்பைத் தந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29 ஆம் பிரிவு அதோடு போனது. இரண்டாவது 1978 யாப்பைத் தந்தது. அந்த யாப்பிலேயே விகிதாசார முறை இருந்தது. ஆனால் 1982 டிசம்பரில் ஒரு சர்வஜன வாக்கெடுப்பை வைத்து, பழைய பாராளுமன்றத்தையே 1989 வரை நீட்டினார்கள். 1983 ஜூலையில் எங்கள் வீடுகள் எரிந்தபோது இருந்ததும், அடுத்த மாதமே ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியதும், அதே ஆறில் ஐந்து பங்குதான்.

எங்கள் பக்கக் கணக்கையும் பார்க்கவேண்டும். கூட்டணி வடக்கின் 14 ஆசனங்களையும் வென்றது. கிழக்கில் நான்கைத்தான் வென்றது. "வடகிழக்கு முழுவதும் ஒரே குரலில் ஆணை தந்தது" என்று நாங்கள் சொன்னபோது, கிழக்கில் வேறுவிதமாக வாக்களித்த முஸ்லிம் மக்களையும் மற்றவர்களையும் எண்ணாமல் விட்டோம். தோட்டங்களில் குடியுரிமை இல்லாதிருந்த மலையகத் தமிழரோ வாக்காளர் இடாப்பிலேயே இல்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எந்த முடிவும் சொல்லாது.

இப்போது நாங்கள் வாழும் பிரித்தானியாவிலும் இதே முறைதான். 2024 ஜூலையில் தொழிற்கட்சி சுமார் 34 வீத வாக்கோடு 650 இல் 400 க்கும் மேற்பட்ட ஆசனங்களைப் பெற்றது. அடுத்த நாள், "நாடே மாறிவிட்டது" என்று என் மகள் சொன்னாள். அப்பாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. ஒரு கடதாசியை எடுத்து, ஆசனங்களை ஒரு நிரலிலும் வாக்குகளை மற்ற நிரலிலும் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த தேர்தல் இரவில் நீங்களும் பிள்ளைகளோடு அப்படி எழுதிப் பாருங்கள். "அவங்கள் எல்லாரும்" என்று சொல்ல வாய் எடுக்கும்போது, அந்த இரண்டாவது நிரலை ஒருதரம் பாருங்கள். அந்த 18 இலட்சம் பேரை அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒருவரும் எண்ணவில்லை.