கால்நடைக் கணக்கெடுப்பும் உமிழ்வு அறிக்கையும்

கால்நடை மீத்தேன் கணக்குக்கு அடிப்படை மாடுகளின் எண்ணிக்கை. இந்தியாவின் கால்நடைக் கணக்கெடுப்பு 1919இல் தொடங்கியது. பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. வீடுகளுடன் நிறுவனங்களும் இதில் அடங்கும். திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் கோசாலை போன்ற இடங்களிலும் பசு, காளை, கன்று எனத் தனித்தனியே எண்ண வேண்டும். 2019 கணக்கெடுப்பின்படி நாட்டில் 19 கோடிக்கு மேல் மாடுகளும் ஏறத்தாழ 11 கோடி எருமைகளும் இருந்தன.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு ஆண்டுதோறும் நாடுகளின் கால்நடை எண்ணிக்கையை வெளியிடுகிறது. கணக்கெடுப்பு இல்லாத ஆண்டுகளை மதிப்பீட்டால் நிரப்புகிறது. இந்த எண்ணிக்கையை உமிழ்வாக மாற்ற, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழுவின் (ஐபிசிசி) 2006 வழிகாட்டி, இந்தியத் துணைக்கண்டக் கறவை மாடொன்றுக்கு ஆண்டுக்கு 58 கிலோ மீத்தேன் என்ற பொது உமிழ்வுக் காரணியைத் தருகிறது. இந்தியாவோ நாட்டு மாடு, கலப்பின மாடு எனப் பிரித்துச் சொந்தக் காரணிகளைப் பயன்படுத்துகிறது. எனவே ஆண்டு, இனப்பிரிவு, காரணி மூன்றும் ஒத்திருந்தால்தான் ஒப்பீடு செல்லும்.